கண்டித்து வையுங்கள், சாமி!



கார்த்திகைத் தீபத் திருவிழாவுக்கு வந்த பெருங்கூட்டம் கலைந்து, திருவண்ணாமலைத் தெருக்களில் மீண்டும் இயல்பாக நடக்க முடிந்த ஒரு மாலைப்பொழுது. பங்கு இல்லத்தின் வாசலில் தாய் ஒருவர் தம் மகளின் கையை இறுகப் பற்றியவாறு வந்து நின்றார். மகளுக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம். முழங்கால் வரை செம்மண் புழுதி, கலைந்த பின்னல், மறு கையில் ஒரு டென்னிஸ் பந்து.

"சாமி, இவளைக் கொஞ்சம் கண்டிச்சு வையுங்க. கோயில் மைதானத்துல தினமும் பையன்களோட சேர்ந்து கிரிக்கெட் ஆடுறா. வயசுக்கு வந்த பொண்ணு. தெருவுல நாலு பேர் நாலு விதமாப் பேசுறாங்க. நாளைக்கு இவளை யாரு கட்டிக்குவாங்க? நான் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். நீங்க சொன்னா கேப்பா."

அந்தத் தாயின் முறையீடு புதியதன்று. மைதானம் உள்ள பங்குகளில் பணியாற்றும் குருக்கள் பலரும் கேட்டிருக்கக் கூடியதே. ஆயினும் அவர் இறுதியாகச் சொன்ன மூன்று சொற்கள் என்னைத் திடுக்கிடச் செய்தன. "நீங்க சொன்னா கேப்பா." ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே சொற்களை வேறொரு தாயிடமிருந்து நான் கேட்டிருக்கிறேன். அன்று நான் சொன்னேன். அந்தச் சிறுமியும் கேட்டாள். அதுதான் துயரம்.

அப்போது நான் குருப்பட்டம் பெற்று ஓராண்டு கூட நிறையவில்லை. சிற்றூர்ப் பங்கு ஒன்றில் உதவிக் குருவாக இருந்தேன். அவ்வூர்ச் சிறுவர்கள் தென்னை மட்டையைச் செதுக்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். அவர்களுக்கிடையே ஒரே ஒரு சிறுமி. அவள் வீசும் பந்து எப்பக்கம் திரும்பும் என்று சிறுவர்களால் கணிக்க இயலாது. மாலை வேளைகளில் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு நானே நின்று வியந்ததுண்டு. எனினும் அவளுடைய தாய் வந்து முறையிட்டபோது, வியந்த அதே வாயால் அவளைக் கண்டித்தேன். பெண் பிள்ளை அடக்கமாக இருக்க வேண்டும் என்றும், குடும்பத்துக்குப் பெயர் கெடக் கூடாது என்றும், இளங்குருவுக்கே உரிய உறுதியோடு அறிவுரை வழங்கினேன். அவள் எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. "சரிங்க சாமி" என்றாள். கையிலிருந்த மட்டையை என் அறையின் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் அவள் மைதானத்துப் பக்கம் வரவேயில்லை. அந்த மட்டை சில மாதங்கள் அங்கேயே கிடந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் சமையற்காரர் அதை அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்.

நான் கடமையைச் செய்துவிட்டதாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைக் குலைத்தது பல ஆண்டுகளுக்குப் பின் நான் வாசிக்க நேர்ந்த ஓர் அமெரிக்கப் பெண்ணின் வாழ்க்கை வரலாறு.

அமெரிக்க மக்கள் தங்கள் நாட்டு விளையாட்டு என்று கொண்டாடுவது பேஸ்பால். கிரிக்கெட்டைப் போலவே ஒருவர் பந்தை எறிய, மற்றொருவர் மட்டையால் அடித்துவிட்டு ஓடும் ஆட்டம். நம் ஆட்டத்தில் இரு முனைகளுக்கு இடையே ஓடுவார்கள். அங்கே நான்கு முனைகளையும் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். நம் பெண்கள் பள்ளிகள் சிலவற்றில் ஆடப்படும் சாப்ட்பால் இதன் தங்கை எனலாம்.

1921 ஆம் ஆண்டில் பிறந்த மார்சீனியா லைல் ஸ்டோன் என்ற கறுப்பினச் சிறுமி, மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் வளர்ந்தாள். தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. கத்தோலிக்கக் குடும்பம். மகளுக்கோ பேஸ்பால் அன்றி வேறு நினைவில்லை. பெற்றோர் கலங்கினர். பெண் பிள்ளை படித்து ஒரு நிலைக்கு வர வேண்டாமா? அவர்கள் தங்கள் பங்காகிய புனித பீட்டர் கிளேவர் ஆலயத்தின் குருவானவர் சார்ல்ஸ் கீஃப் அடிகளாரிடம் சென்று, தங்கள் மகளுக்குப் புத்தி சொல்லுமாறு வேண்டினர்.

வாசகர்களே, எந்நாட்டில் பிறந்தாலும் பெற்றோரின் அச்சம் ஒன்றாகவே இருப்பதைக் காணுங்கள். ஆனால் அந்தக் குருவானவர் செய்தது வேறு. சிறுமியின் பேச்சைக் கேட்டார். அவளுடைய வேட்கை விளையாட்டுப் புத்தி அன்று என்பதை உணர்ந்தார். கத்தோலிக்கச் சிறுவர்களுக்கென நடந்த பந்தயங்களில் ஆடிய தம் பங்கின் அணியிலேயே அவளைச் சேர்த்துக்கொண்டார். கண்டிக்கச் சென்னவர்களிடம் களத்தைத் திறந்துவிட்டார்!

பின்னர் அந்நகரில் சிறுவர்களுக்குப் பேஸ்பால் பயிற்சி அளித்துவந்த கேபி ஸ்ட்ரீட் என்பவரிடம் அவள் நாள்தோறும் சென்று நின்றாள். அவர் முதலில் விரட்டினார். இறுதியில் அவளுடைய விடாமுயற்சிக்குத் தோற்று, விளையாட்டுக் காலணி ஒரு ஜோடியை அவளுக்குப் பரிசளித்தார்.

அச்சிறுமியே டோனி ஸ்டோன் என்ற பெயரால் வரலாற்றில் இடம்பெற்றவர். அமெரிக்காவில் 1943 முதல் 1954 வரை பெண்களுக்கென்று தொழில்முறைப் பேஸ்பால் பந்தயங்கள் நடந்தன. ஆனால் அவற்றில் கறுப்பினப் பெண்களுக்கு இடமில்லை. எனவே அவர் கறுப்பின ஆண்களின் அணிகளில் ஆடினார். 1953 இல் இண்டியானாபோலிஸ் கிளவுன்ஸ் அணி அவரை ஊதியத்துக்கு அமர்த்தியது. பின்னாளில் அமெரிக்காவே போற்றிய ஹாங்க் ஆரன் முந்திய ஆண்டு ஆடிய அணி அது. குட்டைப் பாவாடை அணிந்து ஆடினால் கூட்டம் சேரும் என்று அணியின் உரிமையாளர் விரும்பினார், அவர் இணங்கவில்லை. ஊர் ஊராகச் செல்லும்போது மற்ற வீரர்களுக்கு அறை கொடுத்த விடுதிகள் சில, அவரை வாயிலிலேயே திருப்பி அனுப்பின. அத்தகைய இரவுகளில் ஊரார் ஒதுக்கிவைத்த விலைமகளிரே அவருக்கு உறங்க இடமும் உண்ண உணவும் அளித்தனர். இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். 1954 இல் கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில் ஓராண்டு இருந்துவிட்டு ஆட்டத்திலிருந்து விலகினார். பின்னர் நோயாளருக்குப் பணிவிடை செய்தார். 1996 நவம்பர் 2 ஆம் நாள் காலமானார்.

"அது அமெரிக்கா, சாமி, நம் ஊர் வேறு" என்று நீங்கள் சொல்வது என் செவியில் விழுகிறது. நம் நாட்டுக்கே வருவோம்.

1954 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சென்னையில் பிறந்தவர் சாந்தா ரங்கசாமி. வளர்ந்தது பெங்களூரில். கூட்டுக் குடும்பம், வீட்டைச் சுற்றிய வளாகமே முதல் மைதானம், அண்ணன் தம்பி முறையுடைய உறவுப் பிள்ளைகளே முதல் அணி. கிரிக்கெட்டுக்கு முழுமையாக வருமுன் சாப்ட்பாலும் ஆடியவர் அவர். பெண்கள் கிரிக்கெட் ஆடுவதற்கென இந்நாட்டில் ஒரு சங்கம் கூட அன்று இல்லை. 1973 ஆம் ஆண்டில்தான் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் இலக்னோவில் தோன்றியது. அவ்வாண்டே புனேயில் நடந்த முதல் தேசியப் போட்டிக்கு வந்த அணிகள் மூன்றே மூன்று! ஆனால் தூண்டுதல்தான் குறைவாக இருந்ததே அன்றி, ஆடத் தெரிந்த பெண்கள் குறைவாக இல்லை. அடுத்தடுத்த போட்டிகளில் அணிகள் பெருகின.

1976 ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளின் பெண்கள் அணி இந்தியா வந்தது. நம் பெண்கள் ஆடிய முதல் டெஸ்ட் பந்தயத் தொடர் அதுவே. அவ்வணியின் தலைவி, இருபத்திரண்டு வயதுச் சாந்தா. அக்டோபர் இறுதியில் பெங்களூரில் தொடங்கி, சென்னை உட்பட ஆறு நகரங்களில் பந்தயங்கள் நடந்தன. நவம்பரில் பாட்னாவில் நடந்த பந்தயத்தில் இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றனர். சென்னையிலிருந்து சென்ற சுதா ஷா, விக்கெட் காப்பாளர் ஃபௌசியா கலீலி ஆகியோரும் அத்தலைமுறையின் வீராங்கனைகளே. 1977 சனவரியில் நியூசிலாந்தின் டுனீடின் நகரில் சாந்தா 108 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்ட் பந்தயத்தில் சதமடித்த முதல் இந்தியப் பெண் அவரே. அர்ஜுனா விருது பெற்ற முதல் பெண் கிரிக்கெட் வீராங்கனையும் அவரே. 1991 வரை 16 டெஸ்ட் பந்தயங்களில் ஆடினார். அவற்றுள் 12 இல் அணிக்குத் தலைமை தாங்கினார். 750 ஓட்டங்கள் எடுத்தார். 21 விக்கெட்டுகள் வீழ்த்தினார்.

இவ்வளவுக்கும் அவர்கள் பெற்ற ஊதியம் என்ன? ஒன்றுமில்லை. நாட்டுக்காக ஆடிய அப்பெண்கள் முன்பதிவில்லாத இரயில் பெட்டிகளில் பயணம் செய்தார்கள். படுக்கையைத் தாங்களே சுமந்து சென்றார்கள். விடுதிக் கூடங்களில் வரிசையாகப் படுத்து உறங்கினார்கள். மட்டைகள் போதாமல் ஒருவர் மட்டையை மற்றொருவர் வாங்கி ஆடினார்கள். சாந்தாவே பிற்காலத்தில் பேட்டிகளில் இவற்றையெல்லாம் கசப்பின்றி நினைவுகூர்ந்திருக்கிறார். அவருக்கு வாழ்க்கைப்பாட்டுக்குச் சோறு போட்டது கிரிக்கெட் அன்று. கனரா வங்கியின் வேலை. காலையில் பயிற்சி, பகலில் வங்கி, மாலையில் மீண்டும் பயிற்சி என்று ஓடிய வாழ்க்கை எத்தகையது என்பதை, வேலைக்கும் போய் வீட்டையும் தாங்கும் நம் தாய்மார்கள் எளிதில் அறிவார்கள்.

அவர்கள் ஓடிய பாதை நேர்ப்பாதையாகவும் இருக்கவில்லை. 1986 இல் இங்கிலாந்தில் ஆடியபின், 1991 இல் ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் வரை இந்தியப் பெண்கள் அணிக்கு ஒரு டெஸ்ட் பந்தயமும் கிட்டவில்லை. 1988 ஆம் ஆண்டின் உலகக் கோப்பைப் போட்டிக்கு நம் அணி செல்லவே இல்லை. ஒரு வீராங்கனையின் நல்ல வயதில் ஐந்து ஆண்டுகள் என்பது எவ்வளவு பெரிய இழப்பு! அந்த ஆண்டுகளை எவர் திருப்பித் தருவார்?

அடுத்த தலைமுறையினரின் நிலையும் உடனே மாறிவிடவில்லை. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மித்தாலி ராஜின் தலைமையில் 2005 இல் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்றனர். பயிற்சியாளராக உடனிருந்தவர் நம் சுதா ஷா. அப்போது ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் வீதமே கிடைத்தது என்று மித்தாலி கூறியிருக்கிறார். 2006 இல் பெண்கள் கிரிக்கெட்டை இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் தன் பொறுப்பில் ஏற்றது. 2013 இல் சென்னையின் திருஷ்காமினி, உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் என்ற பெருமையைப் பெற்றார். 2017 இல் வாரியம் சாந்தாவுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது அளித்தது. 2022 இல்தான் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஓர் ஆட்டத்துக்கு ஒரே கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது: டெஸ்ட் பந்தயத்துக்கு 15 இலட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 இலட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 இலட்சம் ரூபாய். 2023 இல் பெண்களுக்கான பிரீமியர் லீக் தொடங்கியது. 2024 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஏலத்தில், மதுரையின் பதினாறு வயதுக் கமலினியை ஓர் அணி ஒரு கோடியே 60 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. எந்த நகரின் நிலையத்திலிருந்து சாந்தா முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினாரோ, அதே நகரில்!

சென்ற 2025 நவம்பர் 2 ஆம் நாள் கல்லறைத் திருநாள். மாலையில் கல்லறைத் தோட்டத்தில் திருப்பலி நிறைவேற்றி, கல்லறைகளை மந்திரித்துவிட்டு வீடு திரும்பினேன். நவி மும்பையில் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். மழையால் தாமதமாகத் தொடங்கிய அந்த ஆட்டம் நள்ளிரவை ஒட்டி முடிந்தது. இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றினர். வென்றவர்கள் அக்கோப்பையை எடுத்துச் சென்று, முன்பு ஆடி ஓய்ந்த மித்தாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி ஆகியோரின் கைகளில் கொடுத்தார்கள். வெற்றி பெற்ற அணியினருக்கு வாரியம் 51 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. விதைத்த கைகள் வேறு, அறுத்த கைகள் வேறு. அறுத்தவர்கள் விதைத்தவர்களை மறக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. அது டோனி ஸ்டோன் இறந்த அதே நவம்பர் 2 என்பதும் அவ்விரவில் என் நினைவுக்கு வந்தது. இறந்தோரை நினைக்கும் நாளில் அவருக்காகவும் ஒரு செபம் சொன்னேன். அதன்பின், சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்ட அந்தத் தென்னை மட்டையும் நினைவுக்கு வந்தது. உறக்கம் வரவில்லை.

இந்நிலையில்தான், ஒரு மாதம் கழித்து, அந்தத் தாய் என் வாசலில் வந்து நின்றார்.

இருவரையும் உட்காரச் சொன்னேன். மகளைச் சற்று நேரம் வெளியே அனுப்பிவிட்டு, "அம்மா, உங்கள் பயம் என்ன? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றேன். முதலில் ஊரார் பேச்சைச் சொன்னார். அடுத்துப் படிப்பைச் சொன்னார். வெயிலில் கறுத்துப் போகிறாள் என்றார். பெண்ணின் உடம்பு தாங்குமா என்று கேட்டார். நான் சிரித்தேன். "பௌர்ணமிதோறும் இந்த ஊரில் எத்தனை ஆயிரம் பெண்கள் மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கிறார்கள்? அவர்களுடைய உடம்பு தாங்குமா என்று எவரேனும் கேட்டதுண்டா? நாற்று நடுகிறவர்களும் செங்கல் சுமக்கிறவர்களும் பெண்கள்தாமே?" அவரும் சிரித்துவிட்டார். சிரித்த சற்று நேரத்தில் அவருடைய கண்கள் கலங்கின. உண்மையான காரணம் அப்போதுதான் வெளிவந்தது.

"இவ அப்பா பெங்களூர்ல கட்டட வேலையில இருக்காரு, சாமி. மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு. இருட்டுறதுக்கு முன்னாடி இவ வீட்டுக்கு வந்து சேரணும். வர்ற வழியில ஏதாவது ஒண்ணு நடந்தா, 'நீ என்னடி வளர்த்தே'ன்னு எல்லாரும் என்னைத்தானே கேப்பாங்க?"

வாசகர்களே, இந்தத் தாயைப் பிற்போக்கானவர் என்று எவர் சொல்ல முடியும்? அவர் அஞ்சியது கிரிக்கெட்டுக்கு அன்று. இருட்டுக்கும், தனியாகக் கடக்க வேண்டிய தெருவுக்கும், தம் தலையில் வந்து விழப்போகும் பழிக்கும் அஞ்சினார். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து சிறுமியைக் கண்டிப்பதா? வழி சரியில்லை என்றால் வழியையன்றோ சீர்செய்ய வேண்டும்! நாம் அதைச் செய்வதில்லை. சிறுமியைக் கண்டிக்கிறோம், ஏனெனில் அதுதான் எளிது. "வேண்டாம்" என்ற சொல்லுக்குச் செலவில்லை. "ஆகட்டும்" என்ற சொல்லுக்குச் செலவு உண்டு. நேரம் கொடுக்க வேண்டும், துணை நிற்க வேண்டும், பேசுகிற வாய்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கீஃப் அடிகளார் வாயால் மட்டும் அனுமதி தரவில்லை. அணியில் ஓர் இடம் தந்தார். கேபி ஸ்ட்ரீட் அறிவுரை தரவில்லை, காலணி தந்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் செலவில்லாத சொல்லைச் சொன்னேன். அடக்கம் கற்பித்ததாக எண்ணினேன். உண்மையில் என் வேலையைக் குறைத்துக்கொண்டேன்.

எனவே நாங்கள் செய்தது இதுதான். மாலை நாலரை மணி முதல் ஐந்தே முக்கால் வரை மைதானம் சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் பொது. உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நம் பங்கைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் அந்நேரத்தில் வந்து அமர இசைந்தார். ஒரே திசையில் வீடு உள்ள பிள்ளைகள் சேர்ந்தே திரும்ப வேண்டும்; கடைசிப் பிள்ளை வீடு சேர்ந்த செய்தி வரும்வரை நானும் வாசலில் இருப்பேன். மதிப்பெண் குறைந்தால் ஒரு வாரம் ஆட்டமில்லை. இது சிறுவர்களுக்கும் பொருந்தும்! இந்த விதியைக் கேட்டதும் முகம் சுருங்கியவர்கள் சிறுவர்களே.

அச்சிறுவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாய் வந்து போன மறுநாளே மூவர் என்னிடம் வந்து தயங்கி நின்றார்கள். "சாமி, அவளைத் திட்டிட்டீங்களா? சனிக்கிழமை மேட்ச் இருக்கு. அவ இல்லைன்னா நாங்க தோத்துடுவோம்." ஒரு பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வாதத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

பெற்றோருக்கு மற்றொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். அந்த ஒரு கோடியே 60 இலட்சத்தை வாசித்தவுடன் சில வீடுகளில் புதிய கணக்குப் போடத் தொடங்கியிருப்பார்கள். நேற்று வரை ஆடாதே என்று அடித்தவர்கள், நாளை ஆடு ஆடு என்று அடிக்கக் கூடும். விடியுமுன் எழுப்பிப் பயிற்சிக்கு விரட்டி, ஓட்டம் எடுக்காத நாளில் உணவின்மீது முகம் சுளிக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். இரண்டிலும் குழந்தை கண்ணில் படுவதில்லை. முன்னதில் ஊராரும் பின்னதில் பணமுமே தெரிகின்றன. ஆடும் பிள்ளைகள் எல்லாரும் சாந்தா ஆவதில்லை. ஆக வேண்டிய தேவையும் இல்லை. ஒரு கூலியும் கிடைக்காது என்று தெரிந்தும் அத்தலைமுறைப் பெண்கள் படுக்கையைச் சுமந்துகொண்டு இரயில் ஏறினார்களே, எதற்காக? ஆடும்போது தாங்கள் தாங்களாக இருந்ததற்காகவே என்று எண்ணுகிறேன். அந்த ஒரு மணி நேரத்தை நம் பெண் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்தால் போதும். எஞ்சியதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது எங்கள் மைதானத்தில் ஏழு சிறுமிகள் ஆடுகிறார்கள். அந்தத் தாய் சில மாலைகளில் சுற்றுச்சுவருக்கு அப்பால் வந்து நின்று, பார்க்காதவர் போலப் பார்த்துவிட்டுப் போகிறார். சென்ற வாரம் தேரடி வீதிக் கடை ஒன்றில் நல்ல மட்டை ஒன்று வாங்கினேன். "யாருக்கு, சாமி?" என்று கேட்டார் கடைக்காரர். "பழைய கடன் ஒன்று" என்றேன்.

அந்தக் கடன் யாருக்கு உரியதோ அவர் இன்று நாற்பதை நெருங்கியிருப்பார். மணமாகி வேறு ஊரில் வாழ்வதாகக் கேள்வி. ஒருவேளை இவ்விதழ் அவர் வீட்டுக்கும் வரக் கூடும். அவரே இப்பக்கத்தை வாசிக்கவும் கூடும். அவ்வாறாயின், மகளே, அன்று நீ செய்ததில் பிழை ஏதும் இல்லை. பிழை என்னுடையது. உன் பந்து எப்பக்கம் திரும்பும் என்று எனக்கும் கடைசிவரை தெரியவில்லை. உனக்கு ஒரு மகள் இருந்து, அவள் கையில் ஒரு பந்து இருக்குமானால், கண்டித்து வைக்கும்படி எவரிடமும் அழைத்துச் செல்லாதே. மைதானத்துக்கு அழைத்துச் செல்.